தேசம்மாவும் தண்ணீர் நிற்காத மெஷினும்

எளாவூரில் தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது. தேசம்மா அக்காவின் மகன் கார்த்திக். "அத்தே, அம்மா போயிடுச்சி" என்றான். "எங்கே?" என்று கேட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றியது. எந்நேரமும் எங்கேயாவது போய்க்கொண்டே இருந்தவள் அவள். கார்த்திக் அழுதான். மீன் கூடையை இறக்கி வைத்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். உட்கார்ந்தாள் என்று கேட்டதுமே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பகலில் தேசம்மா உட்கார்ந்து நம்மில் யார் பார்த்திருக்கிறோம்?

அன்றிலிருந்து எனக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இதை எழுதும்போதே எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருகிறேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் அவளிடம் மீன் வாங்கியவர்களுக்கும், அவளோடு சண்டை போட்டவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி, எங்கள் குப்பத்து அங்கன்வாடி டீச்சர். அவளுக்கு நான் "இன்னாடி டீச்சரு". ஒரு நாளும் என் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை.

சோறும் நின்றபடிதான் சாப்பிடுவாள். ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டோடு எழுந்தாள். "உக்காந்தா எனக்கு மூச்சு முட்டுதுடி. இந்த ஊட்ல ஒரு ஆளு கெடக்குறது போதும்" என்றாள். கிடந்தவர் அவள் புருஷன் ஏழுமலை அண்ணன். கடலையும் ஏரியையும் ஒரு கை பார்த்த மனிதர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப் போனது.

அவருக்குப் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடும். தேசம்மா அந்தத் துணிகளைத் தெருக்குழாயில்தான் அலச வேண்டும், எங்களுக்கெல்லாம் வேறு தண்ணீர் ஏது? யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வோம். நானும் வைத்திருக்கிறேன். அந்தக் குழாய் அவர் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாகத் தெரியும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். டம்ளரை வாயருகே கொண்டுபோனால் பல்லை இறுக்கிக்கொள்வார். உதடு வெடித்து ரத்தம் கட்டியது. கஞ்சியைக்கூடத் துப்பினார். முதலில் நோய் முற்றிவிட்டது என்று நினைத்தோம். தேசம்மாவுக்குத்தான் விஷயம் புரிந்தது.

"குடிச்சாதானே வரும், வந்தாதானே நான் ஊரு முன்னால அலசணும்? அதான் குடிக்க மாட்டேன்றாரு இந்த மகராசன்" என்று தெருவில் நின்று கத்தினாள். அவர் காதில் விழ வேண்டும் என்றுதான் கத்தினாள். பிறகு என்னிடம் வந்து, குரலே இல்லாமல், "காய்ஞ்சி செத்துடுவாருடி" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மா கேட்டாள் என்று கார்த்திக் வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பினான். வண்டியிலிருந்து இறக்கியபோது தெருவே கூடி நின்றது. மாட்டித் தர வந்த கம்பெனி ஆள், "டேப் எங்கம்மா? அவுட்லெட் எங்க?" என்று கேட்டான். இரண்டுமே வீட்டுக்குள் கிடையாது. ரெடி பண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். தேசம்மாவாவது கூப்பிடுவதாவது. "அவன் திரும்பி வர்றதுக்குள்ள பொங்கலே வந்துடும்" என்று இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தெருக்குழாய்க்குத் தண்ணீர் வரும் தொட்டியிலிருந்து ஒரு பைப் எடுக்க ஊர்க் கூட்டத்தில் பேசி அனுமதி வாங்கினாள். பேசி என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் ஏசியதில் எழுந்து போனவர்கள் போக, மிச்சமிருந்தவர்கள் சரி என்றார்கள். பைப்பை அறுத்து, எல்போ வைத்து, பசை தடவி, மெஷினின் பின்பக்கம் வரை கொண்டுவந்துவிட்டாள். அடுத்து அழுக்குத் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். நம் வீடுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். ஏரித் தண்ணீர் ஏறினால் உள்ளே வரக்கூடாதென்று தரையை இடுப்பு உயரம் மேடாக்கிக் கட்டியவை. சுவரின் அடியில் ஒரு துளை போட்டு, வெளியேற்றும் குழாயை அதன் வழியாக வெளியே விட்டு, கீழே மணலில் தோண்டிய குழி வரைக்கும் நேராக இறக்கினாள். ஆடாமல் இருக்க வலைக்கயிறு போட்டு இறுக்கினாள். குழாயை மேலே தூக்கி மாட்டுவதற்கென்று பெட்டியில் ஒரு வளைந்த கொக்கி இருந்தது. அதை எடுத்துச் சமையலறையில் கரண்டி மாட்டிக்கொண்டாள்.

குழாயைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டாமா, மெஷினோடு வந்த புத்தகத்துப் படத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று கேட்டேன். "கீழ போற தண்ணிக்கு ஏணி வைக்கச் சொல்றியா?" என்றாள். தெருவே சிரித்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன். வெள்ளத்துக்குப் பயந்தே வாழ்கிற ஊரில், தண்ணீர் எவ்வளவு தாழ இறங்குகிறதோ அவ்வளவு நல்லது என்றுதான் யாருமே நினைப்போம்.

மெஷினைப் போட்டாள். தண்ணீர் இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. மெஷின் நிரம்பவுமில்லை, சுற்றவுமில்லை. உள்ளே வருகிற தண்ணீர் அப்படியே குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. தெருத் தொட்டி காலி. காலியான குடத்தோடு பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "உன் ஊட்டுக்காரன் துணிக்கு எங்க புள்ளைங்க குடிக்கிற தண்ணியா?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். உள்ளே கட்டிலில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, இனி இந்த மனிதர் ஒரு சொட்டுக்கும் வாய் திறக்க மாட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

தேசம்மா மெஷினை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். அப்போதுதான் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "டீ... சல்." திரும்பிப் பார்த்தோம். "டீசல், டீசல்" என்று சொல்லிக்கொண்டே இடது கையை மேலே மேலே தூக்கினார். அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். தேசம்மா அவரைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். அப்படியே தலையில் அடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

போட் என்ஜினுக்கு டீசல் ஊற்றுவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். கேனுக்குள் டியூபை விட்டு, வாயால் ஒரு இழு இழுத்து, மறுமுனையைக் கீழே பிடிப்பார்கள். முனை தாழ இருக்கும்வரை டீசல் தானாக வந்துகொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் டியூபைக் கேனுக்கு மேலே தூக்க வேண்டும். தேசம்மா வலைக்கயிற்றை அறுத்தாள். குழாயை உள்ளே இழுத்து, மெஷினைவிட உயரமாக ஜன்னல் கம்பியில் கட்டி, அங்கிருந்து வெளியே விட்டாள். மறுநாள் தொட்டி நிரம்பியதும் மெஷினைப் போட்டாள். தண்ணீர் நின்றது, மெஷின் சுற்றியது. தெருப் பெண்களைப் பார்த்து, "எங்க ஊட்டு ஆளு இன்னும் போட்லதான் இருக்குது, தெரிஞ்சிக்குங்க" என்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் சொல்லி உங்களுக்குப் புரிய வைக்க முடியாது.

அவளை நான் அக்கா என்று மனதாரக் கும்பிட்டது அதற்கும் மறுநாள். கட்டிலை இழுத்து மெஷினோடு ஒட்டிப் போட்டாள். கால்களுக்குக் கல் கொடுத்து உயர்த்தினாள். அவரைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, துணியை உள்ளே போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா பாக்குற? என்ஜின் உன்னுது. ஸ்டார்ட் பண்ணு" என்றாள். இடது கை விரலால் அவர் பட்டனை அமுக்கினார். உதவி செய்கிறேன் என்று நான் குறுக்கே கை நீட்டியபோது என் கையில் பட்டென்று ஒன்று போட்டாள். "நீ பண்றது ஒத்தாசை. அந்த மனுசனுக்கு வேலை வேணும்" என்றாள். அன்று மத்தியானம் அவர் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் பட்டனைத் தொட்டதில்லை. அவளும் தொட்டதில்லை. எவ்வளவு அவசரமாக மீன் விற்கக் கிளம்பினாலும், அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் கை வந்து சேரும்வரை நின்றாள். காலை மாற்றி மாற்றி வைப்பாள், பல்லைக் கடிப்பாள், ஆனாலும் நிற்பாள்.

சாவு வீட்டில் ஆள் புழங்க இடம் வேண்டுமென்று கட்டிலை உள் அறைக்குத் தள்ளிவிட்டார்கள். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். கார்த்திக் மட்டும் லீவு போட்டுவிட்டு இருந்தான். நல்ல பிள்ளை, அப்பாவின் துணியை முகம் சுளிக்காமல் தானே போட்டு, தானே பட்டனை அமுக்கித் துவைத்தான். நேற்று என்னிடம் வந்து, "அத்தே, நைனா தண்ணியே குடிக்க மாட்டேன்றாரு. அம்மா நெனப்பு போல" என்றான். போய்ப் பார்த்தேன். உதடு பழையபடி வெடித்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. செத்தவளைத்தான் திட்டினேன். பிறகு கார்த்திக்கை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிக் கட்டிலை மெஷின் பக்கத்துக்கே இழுத்தேன். கல் கொடுத்தோம். அவரைச் சாய்த்து வைத்தோம். துணியைப் போட்டுக் குழாயைத் திறந்தேன். கார்த்திக் பட்டனுக்குக் கை நீட்டினான். அவன் கையில் ஒன்று போட்டேன். அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த அடி ஒன்றுதான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்து நின்றேன். விரல் மெல்ல நகர்ந்து போய் அமுக்கியது. மெஷினில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும்" என்றார்.