பால் காணும்

ஏற்காட்டுக்கு வந்த புதிதில் ஒண்டிக்கடைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பதே எனக்குப் பரீட்சை மாதிரி இருந்தது. பின்னாலிருந்து யாராவது "ஏனுங்க" என்பார்கள். நான் திடுக்கிட்டுத் திரும்பி, எங்கே போகிறேன், ஏன் தனியாக வந்தேன், வீட்டுக்காரர் எங்கே என்று காரணம் சொல்லத் தொடங்கிவிடுவேன். ஒரு பழக்கடைக்காரர் என் விளக்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டி வருது" என்றார். யாழ்ப்பாணத்தில் 'ஏன்' என்றால் அது கேள்வி. இங்கே அது ஒருவரை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் என்று எனக்கு விளங்க வெகுநாளாயிற்று.

ஊரில் இருக்கிற நீங்கள் நினைப்பீர்கள், தமிழ்நாட்டுக்குத்தானே போனாள், இவளுக்கு மொழியில் என்ன கஷ்டம் என்று. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நோர்வேயில் இருக்கிற என் தங்கச்சிக்கு விளங்காத சொல் விளங்காத சொல்லாகவே வருகிறது. அவள் திருப்பிக் கேட்கிறாள், கைபேசியில் தேடுகிறாள். எனக்கோ எல்லாச் சொல்லும் விளங்கின மாதிரியே வந்து சேரும். நான் சொல்வதும் அவர்களுக்கு விளங்கின மாதிரியே போய்ச் சேரும். அதுதான் வில்லங்கம். அந்த வில்லங்கத்துக்குள் என் மகள் ஆதிரை பிறந்தாள்.

என் கணவர் குமரேசனை நான் தோஹாவில் சந்தித்தேன். ஒரே ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இரண்டு பேரும் வேலை செய்தோம். கலியாணத்துக்குப் பிறகு அவருக்கு ஏற்காட்டிலேயே ஒரு தங்கும் விடுதியில் மேலாளர் வேலை கிடைத்தது. அவருடைய வீடு கரடியூரில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் காப்பிச் செடிகளும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளும், அதற்குப் பின்னால் ஒன்றுமில்லாத வெள்ளையும். மழைக்காலத்தில் மூடுபனி எழுந்துவிட்டால் அந்த வெள்ளை வாசல்வரைக்கும் வரும். வெயிலிலும் வேப்பங்காற்றிலும் வளர்ந்த எனக்கு முதலில் அது வடிவாகத்தான் இருந்தது. பிள்ளையோடு உள்ளே இருந்து பார்த்தபோதுதான் அது சுவர் என்று தெரிந்தது.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து, வீடு திரும்பியதும் எங்களை உள்ளறையில் விட்டார்கள். சன்னல் சாத்தியிருக்கும். பச்சைப்பிள்ளைக்குப் பனி ஆகாது என்பார் அத்தை. குமரேசனின் அம்மாவைத்தான் சொல்கிறேன். நாங்கள் மாமி என்போம், இங்கே அத்தை. அவர் கெட்டவர் இல்லை. என் துணிகளைத் தன் கையால் துவைத்தார். விறகடுப்பில் வெந்நீர் வைத்து எனக்கு ஊற்றிவிட்டார். பூண்டும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்து, நான் உண்ணும்வரை பக்கத்திலேயே இருந்தார். ஆனால் கதவுக்கு வெளியே என்னை விடவில்லை. குமரேசன் வெளி அறையில் படுத்தார். அந்த வீட்டுக்குள் போன் சிக்னல் எடுக்காது. சாலை திரும்புகிற இடத்துக்குப் போனால்தான் அம்மாவோடு கதைக்கலாம். அப்பாவுக்கு நடமாட்டம் இல்லாததால் அம்மாவால் வரவும் முடியவில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சாலைத் திருப்பம் என்பது வேறு நாடு.

பால் கொடுப்பது தானாக வரும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆதிரை முலைக்காம்பை மட்டும் நுனி வாயால் பிடித்து இழுப்பாள். எனக்கு உயிர் போகும். காம்பு வெடித்து, அவள் வாயோரத்தில் பாலோடு இரத்தமும் தெரிந்தது. ஒவ்வொரு முறை அவள் சிணுங்கும்போதும் என் தோள் இரண்டும் காதுவரை உயர்ந்துவிடும். பெற்ற பிள்ளை பசிக்கு அழுவதைக் கேட்டுப் பயப்படுகிற தாய் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கிறது என்று சொன்னால் பால் கொடுக்க மனமில்லாதவள் என்று நினைப்பார்களோ என்று பயம்.

ஒரு காலையில் அத்தை வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, புள்ளைக்குப் பால் இருக்குதா?"

"காணும் மாமி," என்றேன்.

அவர் முகம் மாறியது. எழுந்து போனார். அன்று மாலை குமரேசன் ஒரு பவுடர் பால் டின்னோடும் பிளாஸ்டிக் போத்தலோடும் வந்தார். டின்னை அறை வாசலில் வைத்துவிட்டு, "கவலப்படாத, இதெல்லாம் சகஜம்," என்றார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பால் இருக்கிறது என்று சொன்ன பிறகும் இவர்கள் நம்பவில்லை, என் பால் இவர்கள் பிள்ளைக்குத் தகுதியில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள் என்றே விளங்கிக்கொண்டேன். கேட்கலாம்தான். கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் எழுந்து போக எனக்கு இந்த மலையில் இடம் ஏது?

கிராமச் சுகாதாரச் செவிலியர் விஜயா ஒரு முறை வந்தார். வெளியே ஜீப் காத்திருந்தது, ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"பால் நல்லா வருதுங்களா?"

"காணும் சிஸ்டர்."

"மனசத் தளர விடாதீங்க. பிள்ளைய அடிக்கடி போடுங்க, வந்துரும்," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். என்ன வந்துவிடும் என்று நான் யோசித்தேன். அவரிடம் புண்ணைக் காட்டவேண்டும் என்று வாயெடுப்பதற்குள் ஜீப் மூடுபனிக்குள் போய்விட்டது.

போத்தலில் பால் சுலபமாக இறங்கியது. ஆதிரை குடித்துவிட்டு நெடுநேரம் தூங்கினாள். எழுந்ததும் அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்து இன்னொரு போத்தல் கொடுப்பார். "சாமி குடிக்குது பாரு, என்ற தங்கம்" என்று அவர் கொஞ்சுவது எனக்குக் கேட்கும். உள்ளே என் மார்பு கல்லாகக் கனக்கும். சட்டை நனைந்து ஈரமாகும். பிள்ளையின் அழுகை சுவருக்கு அப்பால் கேட்க, எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் பால் வழியும். பிறகு அவளை என்னிடம் தந்தால் அவள் முதுகை வளைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறுவாள். அதைப் பார்த்து அத்தை கண்ணைத் துடைப்பார். அவர் என்னை இளக்காரமாகப் பார்க்கிறார் என்றே அதையும் எடுத்துக்கொண்டேன்.

ஊருக்குப் போய்விடவேண்டும் என்று அப்போது முடிவெடுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், என் கடவுச்சீட்டில் நான் போகலாம், பிள்ளைக்கு ஒரு காகிதமும் இல்லை. அவள் போகமுடியாது, அவளை விட்டு நானும் போகமுடியாது. சாத்திய சன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சில நாளில் இடது பக்க மார்பு சிவந்து வீங்கியது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. அத்தை பயந்துபோய் மகனை அனுப்ப, அவர் செவிலியர் விஜயாவைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். இந்த முறை விஜயா ஜீப்பை அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மார்பைத் தொட்டுப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"பால் இல்லைன்னு சொன்னீங்க. இங்க கட்டிக் கெடக்குது?"

"நான் எங்க இல்லையெண்டு சொன்னனான்? காணும் எண்டுதானே சொன்னனான்!"

"அதத்தாங்க சொல்றேன். காணோம்னீங்க."

"காணும் எண்டால் போதும் எண்டு அர்த்தம்! பிள்ளைக்குக் காணும், போதுமான அளவு இருக்கு!"

எங்கள் ஊரில் சோறு போதுமென்றால் காணும் என்போம். இங்கே ஒரு பொருள் தொலைந்தால் அதைக் காணோம், காணும் என்கிறார்கள். படங்களில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். என் வாயிலிருந்து வரும்போது அது அப்படிக் கேட்கும் என்று மட்டும் தோன்றவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கையால் தட்டை மறைத்துக்கொண்டு சொல்வதால் அதுவரை தப்பியிருந்தேன்.

வாசலில் நின்ற குமரேசன் தலையில் கைவைத்தார். "தோஹாவுல நீ தினமும் சொல்லுவியே. அம்மா வந்து பால் இல்லையாம்னு சொன்னாங்க. நான் உன்னைக் கேட்டிருக்கணும்."

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கிலிருந்து எனக்குச் சோறு எறங்கல கண்ணு. இவனுக்கு முன்னால எனக்கு ஒண்ணு பொறந்துச்சு. நொம்ப அழகு. எனக்குப் பால் இல்ல. ஆட்டுப்பால் குடுத்தோம், உசுரு நிக்கல. உன் புள்ளைக்கும் அப்படி ஆயிருமோன்னு..." என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்தக் குழந்தையைப் பற்றிக் குமரேசனுக்கே அதுவரை தெரியாது.

அப்போதுதான் விளங்கியது, அந்த வீட்டில் அடைபட்டிருந்தவள் நான் ஒருத்தி மட்டுமில்லை.

சொல் விளங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஏற்காடு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, அந்தப் பக்கத்திலும் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டாம் என்றார். காய்ச்சல்காரியின் பால் பிள்ளைக்கு ஆகாதே என்று அத்தை மூன்று விதமாகக் கேட்டார். ஆகும் என்று மூன்று முறையும் அவர் பதில் சொன்னார். எடை பார்த்தபோது ஆதிரை இருக்கவேண்டியதைவிடக் குறைவாக இருந்தாள். போத்தலை ஒரே நாளில் நிறுத்த முடியவில்லை. பீய்ச்சிய பாலைப் பாலாடை என்கிற மூக்குள்ள சிறு கிண்ணத்தில் புகட்டினோம். முதல் நாட்களில் பாதி அவள் கழுத்தில்தான் வழிந்தது.

விஜயா சிஸ்டர் வந்து பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித் தந்தார். பிள்ளையின் வயிறு என் வயிற்றில் படவேண்டும். மூக்கு காம்புக்கு நேரே இருக்கவேண்டும். அவள் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கும்வரை பொறுத்து, பிறகு அணைக்கவேண்டும். காம்பு மட்டுமில்லை, சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகவேண்டும், தாடை மார்பில் புதையவேண்டும். "வலிச்சா பல்லக் கடிச்சிட்டுக் கெடக்காதீங்க. விரல விட்டு எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க," என்றார். வலித்தால் சொல்லலாம் என்று எனக்கு முதல்முதலாகச் சொன்னவர் அவர்தான். எத்தனையோ தரம் தோற்றோம். ஒரு பகலில், அத்தை தலையணையைப் பிடித்திருக்க, குமரேசன் என் முதுகைத் தாங்கியிருக்க, ஆதிரை வாயை அகலத் திறந்து பிடித்தாள். வலிக்கவில்லை. அவள் தொண்டையில் பால் இறங்குகிற சத்தம் அறைக்குள் கேட்டது.

மறுநாள் அத்தை எனக்குக் கம்பளி சுற்றி, பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "போ கண்ணு, உங்கம்மாகிட்டப் பேசிட்டு வா," என்றார். சாலைத் திருப்பத்தில் நின்று அம்மாவை அழைத்தேன். "பிள்ளைக்குப் பால் காணுதோ?" என்று அவர் கேட்டதும் அழுதுவிட்டேன். அம்மா பயந்துபோய், "என்ன பிள்ளை, என்ன நடந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இப்போது விஜயா சிஸ்டர் சில வீடுகளுக்கு என்னையும் கூட்டிப்போகிறார். போன வாரம் மஞ்சக்குட்டையில் ஒரு பெண், சேலத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்தவரின் மனைவி, இன்னும் இருபதைக்கூடத் தாண்டாதவள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளை ஓயாமல் அழுகிறது, பால் பத்தவில்லை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சிஸ்டர் பிள்ளை எத்தனை தரம் சிறுநீர் கழிக்கிறது என்று விசாரித்து, எடை பார்த்தார். எடை ஏறியிருந்தது. பால் போதுமாகத்தான் இருந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க வலிக்குது?" என்று கேட்டேன். அவள் திரும்பினாள். "நீங்க எந்த ஊருங்க? மலையாளமா?" என்றாள். யாழ்ப்பாணம் என்றேன். "அது எங்க இருக்குதுங்க?" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி முந்தானையை விலக்கிக் காட்டினாள். அவளுடைய மாமியார் வாசலிலேயே நின்றார். அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தோம்.

எல்லா வீட்டிலும் கதவு திறப்பதில்லை. சில இடங்களில் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உள்ளறையிலிருந்து அழுகை மட்டும் கேட்கும்.

ஆதிரைக்குக் காகிதங்கள் எல்லாம் கிடைத்து, போன மாதம்தான் அவளை முதல்முறையாக ஊருக்குக் கூட்டிப்போனேன். சென்னையிலிருந்து பலாலிக்குச் சின்ன விமானம். புறப்படும்போதே அவளுக்குக் காதடைத்து அழுகை. சால்வையை இழுத்துவிட்டு வலது பக்கம் கொடுத்தேன். கீழே மணல் கரை முடிந்து நீலம் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் இருந்த வயதான அம்மா, "எந்த ஊர், பிள்ளை?" என்று கேட்டார். வாயெடுத்தேன். கரடியூர் என்றும் வந்தது, நான் பிறந்த கொக்குவில் என்றும் வந்தது, எதை முதலில் சொல்வதென்று தெரியவில்லை. அவர் என் பதிலுக்குக் காத்திருந்து, பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விமானம் இறங்கத் தொடங்கியது. தொலைவில் கரையில் பனைகள் கறுப்பாகத் தெரிந்தன. ஆதிரை மறுபடி சிணுங்கினாள். அவளைத் தூக்கி, கடலுக்கு மேலே, இடது பக்கம் மாற்றிப் போட்டேன்.