சுக்கான் எட்டும் ஆழம்

மழை விட்டு ஒன்பதாம் நாளும் தண்ணீர் வற்றவில்லை. புறவாசல் கதவைத் திறந்தால் படிக்கல் விளிம்புவரை செம்மண் கலங்கல். அதற்குள் ஐந்து எலுமிச்சை மரங்களும் அடி முங்க நின்றன. இலைகள் நரம்போடு மஞ்சளித்து, காற்றே இல்லாமல் உதிர்ந்து மிதந்தன.

எப்சிபாவுக்கு ஐம்பத்துநான்கு வயது. கரிவலம்வந்தநல்லூரில் அடுத்தவர் வயலில் களையெடுத்தே காலம் தள்ளிய குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்தபின் விசைத்தறிக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் நாடாவுக்கு நூல் தார் சுற்றினாள். சன்னல் இல்லாத கூடம். பொழுது ஏறியதையும் இறங்கியதையும் தகரக் கூரையின் சூட்டை வைத்துத்தான் கணிக்க வேண்டும். இந்த வீட்டைக் கட்டியது போக மிஞ்சிய இருபதுக்கு முப்பதடி மண்தான் அவள் நினைத்ததை நினைத்தபடி செய்ய வாய்த்த ஒரே இடம். ஏழு வருஷத்துக்கு முன் ஐந்து கன்றையும் அவளே நட்டாள். தேவாலயத்து அறுப்பின் பண்டிகையில் அவள் படைக்கும் காயை ஏலம் விடும்போது, “எப்சிபாம்மா எலுமிச்சை!” என்று கூவுவார்கள். அந்த ஒரு கூவலுக்காக வருஷம் முழுக்க எரு சுமப்பாள்.

பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன்மேலேயே மறுபடி மறுபடி போட்டதில், தெரு இப்போது வாசலைவிட ஒன்றரை அடி உயரம். ரோட்டைத் திட்டிக்கொண்டே வாளியால் இறைத்துத் தெருவில் ஊற்றிப் பார்த்தாள். ஊற்றியது கொஞ்ச நேரத்தில் சந்து வழியாகத் திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டு பாத்திமா ஹனா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “எக்கா, கெண்டக் குஞ்சு வாங்கி விடுவமா? கொழம்புக்காவது ஆகும்லா.”

எப்சிபா சிரிக்கவில்லை. ஹனா சிரிப்பை விழுங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த கணவர் ஞானஒளிவு செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னார்: “திங்கக்கிழம கொத்தனார் வாரார். ஒரு லோடு ஒடசக் கல்லக் கொட்டி மேடாக்கி, மேல சிமெண்ட் போட்டுருவோம்.”

“மரம்?”

“என்னட்டி மரம்? அடுப்பாங்கர செவுத்துல இடுப்பளவு ஈரம் ஏறிட்டு. மரத்தப் பாக்கவா, வீட்டப் பாக்கவா?”

“அதுக்குள்ள தண்ணிய எறக்கிட்டா?”

“எங்க எறக்குவ? எம் மண்டையிலயா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். மூன்றில் உள்ளே பச்சை. இரண்டில் பழுப்பு. செத்ததில் ஒன்று நட்டநடுவில் நின்ற மரம். அதைச் சுற்றி மண்ணால் வரப்புக் கட்டி, உள்ளிருந்த தண்ணீரை இறைத்துவிட்டு, கடப்பாரையால் நெம்பினாள். மரம் அழுகல் வாடையோடு சாய்ந்தது. குழியைத் துப்புரவாக்கியபோதுதான் அவள் கை நின்றது.

குழிச் சுவர் நாலு பக்கமும் கருகருவென்று, சுட்ட பானைபோல வழவழப்பாக இருந்தது. உள்ளே செம்மண் சேறாகத் தளதளத்தது. குழிக்கு ஓரடி தள்ளித் தோண்டினால் கரிசல் வெறும் ஈரமாகத்தான் இருந்தது.

அவள் வெட்டிய குழிதான். மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. எல்லோரும் சொன்னபடி கரிசலை வெளியே அள்ளி, நல்ல செம்மண்ணும் எருவும் போட்டு நிரப்பியிருந்தாள். போதாதென்று சுவரை மம்பட்டியால் சீவிச் சீவி, கொத்தனார் பூசியதுபோல் மட்டம் பார்த்திருந்தாள். அந்த நேர்த்திதான் வினை. செம்மண் குடித்த தண்ணீரைக் கரிசல் வெளியே விடவில்லை. ஐந்து தொட்டி கட்டி, ஐந்து மரத்தை அதில் முக்கி வைத்திருக்கிறாள். ரோட்டைத் திட்டிய வாயை மூடிக்கொண்டு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. வீடு கட்டும்போது முன்பக்கம் கக்கூஸ் தொட்டிக்குத் தோண்டினார்கள். ஐந்தரை அடியில் கரிசல் முடிந்து வெள்ளைச் சுக்கான் வந்தது. சுண்ணாம்புக் கல் பொடித்தாற்போன்ற அந்த மண்ணில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் கண்ணெதிரே காணாமல் போனது. இங்கே மூன்றடி ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் இரண்டரை அடி.

சனிக்கிழமை முழுக்கத் தோண்டினாள். களிமண் மம்பட்டியை விடாமல் கவ்வியது. மூன்று வெட்டுக்கு ஒருதரம் நிமிர்ந்து வழிக்க வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் ஓரடிகூட இறங்கவில்லை.

“கெணறு வெட்டுதியாக்கும்?” ஞானஒளிவு மேலே நின்று கேட்டார். “நாளைக்கி ஆராதனைக்கி வருவியா, மாட்டியா?”

“நீங்க போங்க.”

“பாதிரி ஐயர் கேட்டா என்ன சொல்ல?”

“குழிக்குள்ள கெடக்கான்னு சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் ஆராதனைக்கு இரண்டாம் மணி அடித்தபோது அவள் நெஞ்சளவு ஆழத்தில் இருந்தாள். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து கடப்பாரை வழுக்கியது. ‘ஆண்டவரே, வெள்ளையக் காட்டும்’ என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை. மேலிருந்து ஒரு வாளி கயிற்றில் இறங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். ஞானஒளிவு கோயிலுக்கு உடுத்திய வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்ன பாத்துட்டு நிக்க? அள்ளிப் போடு.”

மதியம் கடப்பாரை முனையில் வெள்ளை ஒட்டி வந்தது. ஒரு குடம் ஊற்றினாள். தண்ணீர் அப்படியே நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு ஓரத்தில் ஒரு குமிழி வந்தது, இன்னொன்று வந்தது. மெல்ல, மிக மெல்ல, தண்ணீர் உள்வாங்கியது.

வரப்பை உடைக்கும் முன், அதைப் பச்சை இருந்த மரங்கள்வரை நீட்டி, உள்ளே நின்ற தண்ணீரை இறைத்துவிட்டு, அவற்றின் குழியிலிருந்து இங்கே வாய்க்கால் வெட்ட வேண்டும். சுவரை உடைத்து அடிமட்டம்வரை வெட்டினால்தான் தொட்டி காலியாகும். இருட்டுவதற்குள் இரண்டு மரத்துக்கு வெட்டினார்கள். மூன்றாவது கடைசி மூலையில், பதினாறு அடி தள்ளி நின்றது. கைகள் மடங்கவில்லை. வரப்பை உடைத்துத் தண்ணீரைக் குழிக்குள் விட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் படிக்கல்லுக்குக் கீழே சேறுதான் இருந்தது, தண்ணீர் இல்லை. மூலை மரத்தைக் கீறினாள். பழுப்பு. மற்ற இரண்டையும் கீறப் பயந்து, கையை இழுத்துக்கொண்டாள்.

லாரி வந்து நின்றது. கொத்தனார் சௌந்தரபாண்டியன் புறவாசலில் இறங்கி, குழியையும் வாய்க்காலையும் பார்த்துவிட்டு ஞானஒளிவைப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, பொதையல் எடுத்தியளா? கல்ல எங்கன தட்ட?”

ஞானஒளிவு மனைவியைப் பார்த்தார்.

“இங்கன,” என்று எப்சிபா குழியைக் காட்டினாள். “பெரிய கல்லு அடியில, சின்னது மேல. இந்த ரெண்டு வாய்க்கால்லயும் போடுங்க. மண்ணு சரிஞ்சு அடச்சிரப்பிடாது.”

“மிச்சக் கல்லு?”

அவள் மூலை மரத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்தாள். ஈரம் இன்னும் இடுப்பளவில்தான் நின்றது.

“செவுத்தோரமா கொட்டி அங்கன தளம் போட்டுருங்க. அந்த மூல மரத்தயும் பட்டுப்போன மத்ததயும் வெட்டிக்கிடுங்க. இதுக்கு இங்கிட்டு ஒரு சட்டி சிமெண்டு வரப்பிடாது.”

முதல் கல் விழுந்தபோது மேற்கே இடி உருண்டது. எப்சிபா ஒரு மரத்தைத் தொட்டுவிட்டு, குழியைச் சுற்றிப் போய் மற்றதன்மேலும் கையை வைத்துக்கொண்டாள்.