குறைந்துபோன ஓர் அடி

பக்கத்து அபார்ட்மென்டிலிருந்து ஏலக்காய் வாசனை வந்தால், யாரோ பாயசம் வைக்கிறார்கள் என்றுதான் அமெரிக்காவில் பிளசன்டனுக்குக் குடிவந்த புதிதில் என் அம்மா நினைத்தார். அது டென்மார்க்கில் பிறந்த கிர்ஸ்டன் ஆண்ட்டி பன் சுடும் வாசனை என்று தெரிந்ததும், ஏலக்காய் போடத் தெரிந்தவள் எப்படியும் நம்மவள்தான் என்று முடிவுகட்டி, தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டே அவரோடு ஒட்டிக்கொண்டார்.

அம்மா பொள்ளாச்சிக்காரர், தமிழ் எம்.ஏ. அப்பாவின் விசாவில் வந்ததால் வேலைக்குப் போக முடியாது. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று அந்தப் பட்டத்தை அப்பா கிண்டலடிப்பார். என் "ஹோம்வொர்க்" முழுவதும் அப்பாவின் இலாகா. நான் நோட்டைத் திறந்தாலே, "அப்பா வரட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விடுவார். அப்போது அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, தெரியாத மொழிக் கவிதை ஒன்றைக் கேட்டு, பொருளைப் பார்க்காமல், அதன் ஓசையை மட்டும் ஆராய்ந்து எழுதும்படி டீச்சர் சொன்னார். நான் கிர்ஸ்டன் ஆண்ட்டியை அழைத்து வந்தேன். அவர்கள் ஊரில் ஒவ்வொரு விருந்துக்கும் வீட்டார் யாராவது ஒரு பாட்டுக் கட்டுவார்களாம். அவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது அவருடைய அப்பா கட்டிய பாட்டை எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து டேனிஷில் சொன்னார்.

"கண்ணு, இன்னொருக்கா சொல்லச் சொல்லு" என்று அம்மா தோசைக்கரண்டியோடு வந்து நின்றார்.

"அம்மா, யூ டோன்ட் நோ டேனிஷ்!"

"காது இருக்குதல்ல?"

தமிழ்ப் பழக்கத்தில் அவர் முதலில் ஒவ்வோர் அடியின் தலையிலும் எதுகையைத் தேடி ஏமாந்தார். பிறகு, "அட, எல்லாத்தையும் வால்ல வெச்சிருக்காங்க" என்று சிரித்தார். குறில் நெடில் பார்த்து அசை பிரித்ததும் சரிவரவில்லை. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டவர், "நீட்டறதுல இல்ல கண்ணு, அழுத்தறதுலதான் இவங்க கணக்கு" என்றார். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ஒரே அடி திரும்ப வருவதையும் அவரே பிடித்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு எழுதினேன். கடைசிப் பத்தியில் அம்மாவின் விரல் மேலேயே நின்றுவிட்டது.

"கிர்ஸ்டன், லாஸ்ட்ல ஒன் லைன் மிஸ்ஸிங்."

"நோ, தட்ஸ் ஆல்."

"இல்ல. மை ஹேண்ட் இஸ் வெயிட்டிங்."

ஆண்ட்டி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எல்லாப் பத்தியும் "கதவு தாழிடாமல் இருக்கும்" என்று முடியும். கடைசிப் பத்தி மட்டும் "கதவைத் திறக்க நானே இருப்பேன்" என்று முடியுமாம். ஆண்ட்டி முதல்முறை ஊருக்குத் திரும்பிப் போவதற்கு முன்பே அவருடைய அப்பா இறந்துவிட்டார். அதன்பிறகு அந்த அடியை அவர் வாய் சொன்னதில்லை. அவருடைய சொந்தக்காரர்கள்கூடக் கவனித்ததில்லை. அன்று சொன்னார். அம்மாவின் விரல் மெதுவாக அதற்கும் தட்டியது.

"அந்த அடிய நோட்டுல எழுதாத கண்ணு. ஒண்ணு குறையுதுன்னு மட்டும் எழுது" என்றார் அம்மா, ஆண்ட்டி போனபிறகு.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று டீச்சர் கேட்டபோது, "மை மாம் ஹெர்ட் இட்" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். எனக்கு அப்படியொரு பெருமை. மறுநாள் அப்பா என் நோட்டை எடுத்தபோது, "நீங்க இருங்கப்பா, அம்மா பார்க்கட்டும்" என்றேன். அப்பா, "சரிதான், சுரைக்காய் கறியாயிடுச்சு" என்று அம்மாவிடம் நோட்டை நீட்டினார்.

நான் இப்போது அமெரிக்காவிலேயே காப்பெல் என்ற வேறோர் ஊரில் இருக்கிறேன். பிளசன்டனில் அந்தக் கட்டடம் இல்லை. டென்மார்க்குக்கே திரும்பிப்போன ஆண்ட்டியிடமிருந்து கடிதம் வருவதும் எப்போதோ நின்றுவிட்டது. போன வருடம் அம்மாவும் இறந்துவிட்டார். அவர் எனக்காகக் கட்டிய தாலாட்டை என் மகளுக்குப் பாடுகிறேன். "அம்மா இருக்கேன், தூங்கு கண்ணு" என்ற கடைசி அடி மட்டும் வாயில் வருவதில்லை. மகள் அதற்குள் தூங்கிவிடுகிறாள். ஓர் அடி குறைகிறது என்று கண்டுபிடிக்கும் காது இப்போது எங்கள் வீட்டில் இல்லை.