நான்காவது பெஞ்சுக்கு ஒரு லென்ஸ்

என் மனைவிக்குப் புதுநன்மை போட்டோ கிடையாது. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாளைத்தான் நாங்கள் புதுநன்மை என்போம். எரியோட்டுப் பக்கம் அவள் ஊர்க் கோயிலில் அன்று பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், அவள் கடைசி. பதினோராவது பிள்ளையோடு போட்டோக்காரரின் ஃபிலிம் ரோல் தீர்ந்துவிட்டது. கல்யாணமான முதல் வாரத்திலேயே இதை என்னிடம் சொன்னாள். பிறகு வருடத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிவந்தாள். அதனால் போன வருடம் எங்கள் மகளுக்குப் புதுநன்மை என்றானதும், நற்கருணை நாக்கில் படும் நொடியை எடுப்பது என் பொறுப்பு என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என்னிடம் இருந்தது ஒரு பழைய மிரர்லெஸ் கேமரா. அதோடு வந்த லென்ஸ் வெயிலில் பிரமாதமாக எடுக்கும். திண்டுக்கல்லில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பதால் பல வருடம் என்னை நல்ல போட்டோகிராபர் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குள் எடுத்தால் மட்டும் எல்லாரும் புகையாகத் தெரிந்தார்கள்.

பங்குச்சாமியார் பெற்றோரைக் கூட்டிவைத்து அறிவித்துவிட்டார்: ஃபிளாஷ் கூடாது, யாரும் பெஞ்சைவிட்டு எழுந்து வரக் கூடாது, பீடத்தருகே போட்டோகிராபர்களே கூடாது. முந்தின வருடம் ஒரு அப்பா பீடத்தின்மேலேயே ஏறிவிட்டாராம். எங்களுக்கு நான்காவது பெஞ்சு.

ஆக, வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் லென்ஸ் வேண்டும். அப்படியொரு ஜூம் லென்ஸ் வாங்குவதென்றால் என் மோட்டார் சைக்கிளை விற்க வேண்டும். அதில்தான் நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகிறேன். ஃபிலிம் காலத்து லென்ஸை ஒரு வளையம் மாட்டிப் போடலாம், மலிவுதான். ஆனால் ஃபோகஸைக் கையால் திருக வேண்டும். என் மகள் அதுவரை அசையாமல் நிற்பாள் என்று அவளை அறியாதவர்கள்தான் நம்புவார்கள். மிச்சம் இருந்தது ஜூம் இல்லாத 1.8 லென்ஸ். முப்பத்தைந்து மில்லிமீட்டரா, தூரத்தை இன்னும் கிட்டே இழுக்கும் ஐம்பதா?

மூன்று வாரம் வீடியோ பார்த்தேன். ஜூம் இல்லாவிட்டால் நாலு எட்டு முன்னால் நடங்கள் என்றார்கள் எல்லாரும். அவர்கள் எங்கள் சாமியாரைப் பார்த்ததில்லை. ஒருவர் மட்டும் உருப்படியாகச் சொன்னார்: பழைய ஜூமையே ஐம்பதில் வைத்து டேப் ஒட்டிவிட்டு ஒரு வாரம் திரிந்து பாருங்கள். டேப் ஒட்டிய லென்ஸோடு நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் நின்றேன். ஐம்பதில் மல்லிகை மூட்டை தெரிந்தது. டேப்பைப் பிரித்து முப்பத்தைந்தில் வைத்தால் மூட்டையோடு மொத்த மார்க்கெட்டும் தெரிந்தது. ஐம்பது என்று முடிவு செய்து, பிறர் கைபட்ட ஒன்றை வாங்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கோயிலைத் திறந்து மூடும் கோயில்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, மனைவியைப் பீடத்துப் படியருகே என்னைப் பார்த்து நிறுத்தினேன். நான் நான்காவது பெஞ்சில் உட்கார்ந்தேன்.

“கையக் கூப்பு. கண்ண மூடு. வாயத் தெற.”

“எம்புட்டு நேரம் இப்படியே நிக்க?”

“செத்த நேரம். ஃபோகஸ் பிடிக்குதான்னு பாக்குறேன்.”

“மக நிக்கிறப்ப விட்டுறாதீங்க. எனக்கு அம்புட்டுத்தான் வேணும்.”

படம் அத்தனை தெளிவு. இமை வரை தெரிந்தது. எட்டிப்பார்த்த கோயில்பிள்ளை, “அருமையா வந்திருக்கு சார்” என்றார்.

அந்த நாள் வந்தது. என் மகள் வெள்ளை கவுனும் முக்காடுமாக வரிசையில் போய்ச் சாமியார் முன்னால் நின்றாள். நற்கருணை வாங்குகிறவர் சாமியாரைப் பார்த்து நிற்பார். அதாவது, பெஞ்சுகளுக்கு முதுகைக் காட்டி. நாற்பது வருடமாக ஞாயிறுதோறும் அந்த முதுகுகளைப் பார்த்தவன் நான். மனைவியும் அப்படியே. கோயில்பிள்ளை தினமும் பார்க்கிறவர். மூன்று பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

வேறு வழியில்லாமல் ஒன்பது படம் எடுத்தேன். முக்காட்டு லேஸின் ஓட்டைகளைக்கூட எண்ணிவிடலாம். லென்ஸைக் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. முதுகு, முதுகு என்று பின்னால் தள்ளிக்கொண்டே போனவள் ஒரு படத்தில் நின்றுவிட்டாள். செவ்வாய்க்கிழமைப் படம். பச்சைக் காட்டன் சேலை, கூப்பிய கை, மூடிய கண், திறந்த வாய்.

மகள் எட்டிப்பார்த்தாள். “அம்மா, ஒனக்கும் புதுநன்மையா?”

மனைவி கேமராவை என்னிடம் நீட்டி, “இதையும் கழுவிட்டு வாங்க” என்றாள்.

“பெருசாவா?”

“அவளுக்கு எம்புட்டுப் பெருசோ, அம்புட்டு.”

இப்போது எங்கள் ஹாலில் ஒரே அளவில் இரண்டு படங்கள் மாட்டியிருக்கின்றன. ஒன்றில் மகளின் முதுகு, இன்னொன்றில் அவள் அம்மாவின் முகம். வருகிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். “அது அவ புதுநன்மை, இது என்னோடது” என்று சொல்லிவிட்டு மனைவி காப்பி போடப் போய்விடுகிறாள். ரோல் தீர்ந்த கதையை அவள் அதற்குப் பிறகு ஒருமுறைகூடச் சொல்லவில்லை.