இரட்டைக் கல்லில் வெர்லீனின் பெயர்

நம்பாதவர்கள் போய் அந்தக் கல்லையே பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் கெண்டக்கி மலைக்குள்ளே, தார்ச்சாலை முடிகிற இடத்துக்கு மேலே, ப்ரூயிட் குடும்பத்துக் கல்லறை மேட்டில் அது இன்னும் நிற்கிறது. நான் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்தில் கணவன் முதலில் போய்ச் சேர்ந்தால், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அகலக் கல்லாக நட்டுவிடுவார்கள். இடது பாதியில் அவன் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். வலது பாதியில் மனைவியின் பெயரும் பிறந்த வருஷமும். அதற்குக் கீழே வெறும் இடம். பூ வைக்கப் போகிறவள் தன் பெயரையே படித்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைப்பாள். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வெர்லீன் ஸ்லோன் எடுத்துக்கொண்டாள். ஏனென்றால் அவள் டாய்ல் ப்ரூயிட்டின் மனைவியே இல்லை. அவனை விவாகரத்து செய்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் அவளை என்ன பாடு படுத்தினான் என்பது, ஒடிந்து கோணலாகச் சேர்ந்த அவளுடைய இடது மணிக்கட்டைப் பார்த்தாலே தெரியும். தீர்ப்பு வந்த அன்று அவன் கோர்ட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். புதினா வாசனைப் புகையிலையை மென்று, கையிலிருந்த தகர டப்பாவில் துப்பிவிட்டுச் சொன்னான்.

"ஜட்ஜு என்ன வேணா எழுதிக்கட்டும்டி. கடைசில எம் பக்கத்துலதான் வந்து படுக்கணும் நீ."

இரண்டு வருஷம் முன்னால் அவன் செத்தான். அவனுடைய அக்கா இமோஜீன் இரட்டைக் கல் நட்டாள். வலது பாதியில் வெர்லீன் ப்ரூயிட் என்று வெட்டச் சொன்னாள். கடவுள் சேர்த்ததைக் கோர்ட்டு பிரிக்க முடியாது என்பது அவள் கட்சி.

விஷயம் வெர்லீன் காதுக்கு எட்டிய அன்றே அவள் அந்தக் கல்லறை மேட்டைப் பார்த்துக்கொள்ளும் சர்ச்சுக்காரர்களிடம் போய் நின்றாள். அவர்கள் தலையைச் சொறிந்தார்கள். தீர்ப்பைக் காட்டு, பெயரை எடுத்துவிடுகிறோம் என்றார்கள். அவளிடமிருந்த நகல் வெள்ளத்தில் போயிருந்தது. மாநிலத் தலைநகருக்கு எழுதிப் போட்டாள். இன்ன வருஷம் இன்ன கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஒரு விவாகரத்து நடந்தது என்று ஒற்றை வரியில் ஒரு தாள் வந்தது. இது போதாது, கவுண்டி கோர்ட்டின் முத்திரை அழுத்திய முழுத் தீர்ப்பு வேண்டும் என்று சர்ச்சுக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் அந்த அக்டோபர் பதினேழாம் தேதி, மத்தியானம் சாப்பிட்ட கையோடு, அவள் மூன்று மலை தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள்.

கவுண்டரில் கோர்ட்டு குமாஸ்தா ஓபல் இருந்தாள். அறுபது தாண்டியவள். முட்டி வலிக்காரி. ஜட்ஜையே கண்ணு என்று கூப்பிடுகிறவள்.

வெர்லீன் தன் பெயரைச் சொன்னாள். ஸ்லோன். ஓபல் கம்ப்யூட்டரில் தேடினாள். இல்லை. பழைய அட்டைகளில் தேடினாள். அங்கேயும் இல்லை.

"ஸ்லோன்ங்கிறது அப்பா வீட்டுப் பேருல்ல? கேஸ் போட்ட அன்னிக்கு என்ன பேரு, கண்ணு? அதுலதான இருக்கும்."

வெர்லீன் பையைத் தூக்கிக் கவுண்டர் மேல் வைத்தாள். தீர்ப்பு வாங்கிக் கோர்ட்டுப் படி இறங்கிய அன்றே அந்தப் பெயரை இனி வாயால் சொல்வதில்லை என்று சபதம் போட்டவள் அவள். இருபது வருஷமும் காத்து வந்திருந்தாள். யாராவது கேட்டால்கூட, அந்த ஆள் என்றுதான் சொல்வாள்.

"சொன்னாத்தான் நான் தேட முடியும்."

வெர்லீன் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"ப்ரூயிட்."

டிங்...

கவுண்டர் மேலிருந்த, ஆளைக் கூப்பிடக் கையால் தட்டுகிற மணி அடித்தது. ஓபலின் இரண்டு கையும் அட்டைப் பெட்டிக்குள் இருந்தன. வெர்லீனின் கை பையின் மேல் இருந்தது.

பழைய கட்டடம், எல்லாம் தானா ஆடும் என்றாள் ஓபல். ஆனால் அவள் மணியைத் தூக்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்ததை வெர்லீன் கவனித்தாள்.

கேஸ் எண் கிடைத்தது. கோப்பு கீழ்த்தளத்தில் இருந்தது. தன் முட்டியால் படி இறங்க முடியாது, நீயே போய் எடுத்து வா, முத்திரை நான் போடுகிறேன் என்றாள் ஓபல். சின்ன ஊர். அப்படித்தான் நடக்கும்.

"கீழ யாராச்சும் இருக்காங்களா?"

"இந்த வாரம் நாந்தான் சாவி வச்சிருக்கேன். எலிகூட என்னைக் கேட்டுத்தான் போகணும்."

கீழே குளிர்ந்து கிடந்தது. ட்யூப்லைட் இரண்டு தடவை துடித்துவிட்டு எரிந்தது. வரிசையாக இரும்பு அலமாரிகள், கூரை வரைக்கும். தரையில் தண்டவாளம். ஒவ்வொரு அலமாரியின் முனையிலும் லாரி ஸ்டியரிங் போல ஒரு சக்கரம். அதைச் சுற்றினால் அலமாரி நகர்ந்து, ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி விடும். மற்றவை நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவள் ப வரிசைக்குப் போனாள். சக்கரத்தைச் சுற்ற வேண்டியிருக்கவில்லை.

வழி ஏற்கெனவே திறந்திருந்தது.

முன்னால் வந்தவர்கள் மூடாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இரும்பு ஏணிப்படி ஒன்றை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். மேல் தட்டில் எல்லாக் கோப்பின் மேலும் சாம்பல் நிறத் தூசி. ஒரே ஒரு கோப்பின் மேல் மட்டும் இல்லை.

அதுதான் அவளுடையது.

எடுத்தாள். ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை. கட்டைவிரல் அகலம். தொட்டாள்... ஈரம்.

புதினா வாசனை வந்தது.

தப்.

தகரத்தில் எச்சில் விழுகிற சத்தம். அலமாரி முனையிலிருந்து.

அவள் திரும்பினாள். யாரும் இல்லை. சக்கரம் மட்டும் மெதுவாக... மிக மெதுவாக... சுற்ற ஆரம்பித்தது.

கிர்ர்ர்...

முதுகில் இரும்பு இடித்தது. முன்னால் இருந்த அலமாரி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓடுவதற்கு வழி நீளம். முனை தூரத்தில் இருந்தது. ஓடத் திரும்பினால் தோள் இரண்டு பக்கமும் உரசியது.

கிர்ர்ர்...

தப்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். டாய்லுக்குப் பிடித்ததே அதுதான் என்று ஞாபகம் வந்தது. கதவைச் சாத்திவிட்டு, அவள் கத்துவதை வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

வாயை மூடிக்கொண்டாள்.

ஏணிப்படியைக் குறுக்கே படுக்கப் போட்டுக் காலால் உதைத்து இறுக்கினாள். இரும்பு முனகியது. வளைந்தது. இன்னும் வளைந்தது...

அலமாரி அவள் மார்பைத் தொட்டது.

"யோவ்," என்றாள். குரல் நடுங்கியது. மறுபடி சொன்னாள். இந்தத் தடவை நடுங்கவில்லை. "யோவ், ப்ரூயிட்டு. நல்லாக் கேட்டுக்க. உறுதியாத்தான் கேக்குறியாம்மான்னு ஜட்ஜு எங்கிட்ட கேட்டாரு. ஆமான்னேன். நீ பக்கத்துலதான் நின்ன. இப்பவும் ஆமாதான். நான் செத்தாலும் ஆமாதான். என்ன நசுக்குனாலும், என் கையில இந்தத் தீர்ப்போடதான் தூக்குவாங்க."

சக்கரம் நின்றது.

அமைதி.

அவள் காதுக்கு மிக அருகில், யாரோ மெல்லுவதை நிறுத்தினார்கள்.

அவள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. வெளியே வந்தாள். சக்கரத்தைத் தாண்டும்போது அதைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்காமல் போனால் பயந்ததாக ஆகிவிடும் என்று பட்டதாம். சக்கரத்தின் பிடி ஈரமாக இருந்தது.

மேலே ஓபல் கோப்பை வாங்கிக்கொண்டாள். பக்கம் பக்கமாக நகல் எடுத்தாள். முத்திரை இயந்திரத்தில் வைத்து அழுத்தினாள். பக்கத்தில் அன்றைய தேதியைக் குத்தினாள். கொடுக்கும்போது தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"கீழ யாரோட பேசிட்டு இருந்த, கண்ணு?"

"பழைய பாக்கி ஒண்ணு. முடிஞ்சிருச்சு."

"அவன் சிரிச்சது எனக்குக் கேட்டுச்சு," என்றாள் ஓபல். "நீ பேச ஆரம்பிச்சதும் நின்னுருச்சு."

சனிக்கிழமை கல்லறை மேட்டில் கூடினார்கள். சர்ச்சு சார்பில் லைல் காடில் வந்திருந்தான். அந்தக் கல்லை வெட்டியவனும் அவன்தான். தேய்க்கும் இயந்திரத்தோடு வந்திருந்தான். இமோஜீனும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"காகிதத்துல முத்திரை குத்திட்டா பொண்டாட்டி இல்லன்னு ஆயிடுமா?"

"ஆயிடும், நாத்தனாரே," என்றாள் வெர்லீன். "அதுக்குத்தான் முத்திரையே."

லைல் தீர்ப்பைப் படித்தான். தலையாட்டினான். கல்லின் அடியில் குவிந்திருந்த இலைகளைத் துடைப்பத்தால் ஒதுக்கினான்.

ஒதுக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

வெர்லீனின் பெயர். பிறந்த வருஷம். அதற்குக் கீழே, அவன் வெறுமையாக விட்டிருந்த இடத்தில், ஒரு தேதி வெட்டியிருந்தது.

அக்டோபர் பதினேழு. அந்த வருஷம்.

வெர்லீன் நகலை வாங்கிப் பார்த்தாள். முத்திரைக்குப் பக்கத்தில் ஓபல் குத்திய தேதி. அதே நாள்.

லைல் முட்டி போட்டு எழுத்துகளைத் தடவினான். இது தன் உளி இல்லை என்றான். எந்த உளியும் இல்லை, விளிம்பெல்லாம் தேய்ந்திருக்கிறது என்றான். வெட்டின் பள்ளத்துக்குள் சாம்பல் பாசி படர்ந்திருந்தது. அந்தப் பாசி அவ்வளவு பிடிக்கப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகுமாம்.

கல் நட்டதே இரண்டு வருஷம்தான்.

இமோஜீன் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"எல்லாத்தையும் தேச்சு எடுத்துடறேன், வெர்லீன்," என்றான் லைல். இயந்திரத்தைக் கையில் எடுத்தான்.

"பேர எடு. பொறந்த வருஷத்த எடு." வெர்லீன் கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்தத் தேதிய விட்டுடு."

"எதுக்கு?"

"அது எனக்கு வெட்டுனது. அவனுக்கே இருக்கட்டும். ஒரு சாவு அவனுக்குப் பத்தல."

அவள் சொன்னபடியே செய்தார்கள். இப்போது அந்தக் கல்லில் ஒரே பெயர்தான். இறந்த தேதி மட்டும் இரண்டு. வெர்லீன் பெயர் இருந்த இடம் வழவழவென்று வெறுமையாகக் கிடக்கிறது.

நான் போன அன்று மூன்று வாரமாக மழை இல்லை. கல் காய்ந்து சுட்டது. இரண்டாவது தேதியின் பள்ளத்தில் மட்டும் விரல் ஈரமானது.

பழுப்பு ஈரம்... முகர்ந்து பார்த்தேன். புதினா.

வெர்லீனிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"மெல்லட்டும்," என்றாள்.