வாப்பாவின் பிரஷர் மாத்திரை

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றினாலே எனக்கு பிரஷர் ஏறிவிடும். பயம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் கார் நிக்கோபார் பள்ளியில் கிடைத்த டீச்சர் வேலைக்கு மெடிக்கல் ஃபிட்னஸ் வேண்டுமே! முதல் நாள் நூற்று அறுபதைத் தாண்டியது. டாக்டர் மறுநாள் வரச் சொன்னார்.

வாப்பா தினமும் ஒரு பிரஷர் மாத்திரை போடுவார். அட்டையிலிருந்து பிரித்துத் தகர டப்பாவில் வைத்திருப்பார். அவர் கடைக்குப் போனதும் ஒன்றை எடுத்து விழுங்கினேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து ஆட்டோவில் எனக்கே பெருமையாக இருந்தது.

டாக்டரைக் கண்டதும் நெஞ்சு படபடத்தது. நாற்காலியை விட்டு எழுந்தேன். அடுத்து நான் பார்த்தது தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைத்தான். பிரஷர் தொண்ணூறுக்கும் கீழே.

மாத்திரை போட்டதை ஒப்புக்கொண்டேன். அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை. மயக்கத்துக்குக் காரணம் மாத்திரையா, இதயமா என்று தெரியாமல் ஃபிட் என்று எழுத முடியாது என்றார் டாக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது. என் போனை வாங்கி வாப்பாவிடம் இந்தியில் கேட்டார். வாப்பா "பிரஷர் மாத்திரைதான்" என்று இரண்டு தடவை சாதித்தார். உங்கள் மகளின் வேலை போய்விடும் என்றார் டாக்டர். கடை இரைச்சலை மீறி வாப்பா கத்தியது எனக்கே கேட்டது.

"பேஷாப் கா தவாயி ஹை, டாக்டர் சாப்! பேஷாப் ருக் ருக் கே ஆத்தா ஹை!"

சிறுநீர் விட்டு விட்டு வருகிறதாம், அதற்கான மாத்திரையாம்! வீட்டில்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறார். தமிழில் கத்தியிருந்தால் பாதிக் கடைக்குப் புரிந்திருக்காது. எங்கள் தீவில் எல்லாருக்கும் பொது மொழி இந்தி என்பதால் வங்காளி, தெலுங்கர், மலையாளி ஒருவர் பாக்கியில்லை.

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பயந்தால் சுரக்கும் அட்ரினலின் சில ரத்தக் குழாய்களை இறுக்கும், சிலவற்றைத் தளர்த்தும். இந்த மாத்திரை இறுக்குவதை மட்டும் தடுத்துவிடும். அதனால் பிரஷரை ஏற்ற வேண்டிய பயமே எனக்கு இறக்கிவிட்டிருக்கிறது. இனி யார் மாத்திரையையும் தொடாமல் அடுத்த வாரம் வா என்றார்.

மாலையில் வாப்பா என் முகத்தைப் பார்க்காமலே சட்டையைக் கழற்றினார்.

"பஜாருக்கே தெரிஞ்சுபோச்சு. இனி நீ வேலைக்குப் போகாம இருந்து பாரு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மானஸ்தர் எனக்காக இப்படிக் கத்தியிருக்கிறாரே!

அடுத்த வாரம் பட்டை இறுகியபோது வாப்பா அன்று கத்தியது காதில் ஒலித்தது. சிரித்துவிட்டேன். நூற்று இருபத்தாறு. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.