மலை கறுத்த நேரம்

ஏரிக்கு மேற்கே தெரியும் மலை கறுத்தால் காற்று வரும். வலையில் குனிந்திருப்பவனுக்கு அது தெரியாது. கரையில் இருப்பவன்தான் துணி ஆட்ட வேண்டும். அன்று கையில் மீன்முள் குத்திச் சீழ் பிடித்ததால் நான் கரையில் இருந்தேன். "மலை கறுத்தா தலப்பாவ அவுத்து ஆட்டுண்ணா, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி படகெடுத்தான்.

ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து படம் வரைய வந்த துரை, சிப்பிகளில் சாயம் கரைத்துத் தரச் சொன்னார். வெயில் சாயச் சாய மலை மாறியது, தாளிலும் மாறியது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மலை கறுத்தது. நான் கத்தியது இதுதான்: "துரை, மலை கறுத்துடுச்சு, கறுப்ப வைங்க!" கரைத்தும் கொடுத்தேன்.

முதல் மழைத்துளி விழுந்தபோதுதான் தலைப்பாகை இன்னும் என் தலையிலேயே இருப்பது உறைத்தது. அவிழ்த்து ஆட்டினேன். அதற்குள் காற்று ஏரியைப் புரட்டிவிட்டது.

மூன்றாம் நாள் தம்பியை வலையோடு இழுத்து வந்தார்கள்.

"மலை கறுக்கலியாடா?" என்று நைனா கேட்டார்.

"கறுக்கவே இல்ல நைனா."

நம்பிவிட்டார். இன்றுவரை குப்பமே நம்புகிறது.

அந்தப் படம் கோட்டைக்குள் இருக்கிறது. எங்கள் ஆட்கள் யாரும் அங்கே போவதில்லை. அதில் மலை கறுப்பாகத்தான் நிற்கிறது. அந்தக் கறுப்பு நான் கரைத்தது.